பத்துத்தூண் சந்திலிருந்து கிடாரிப்பட்டி வரை

மதுரைக்கு வருகிறவர்களின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். காலையில் மீனாட்சி அம்மன் கோயில், அப்புறம் திருமலை நாயக்கர் மகால், வெயில் ஏறியதும் ஜிகர்தண்டா, சாயங்காலம் தெப்பக்குளம், ராத்திரி கறிதோசை, பஸ். எல்லாமே பார்க்க வேண்டியவைதான், சாப்பிட வேண்டியவைதான். ஆனால் இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் எங்கே போகலாம் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்கிற பதில் கொஞ்சம் நீளம். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்ப்பது விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக்கடையில். கணக்கு எழுதும் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். கடையிலிருந்து டீ குடிக்க இறங்கினால் பத்துத்தூண் சந்து. பெயரைக் கேட்டுவிட்டு ஏதோ பழைய கதை என்று நினைக்க வேண்டாம், பத்துத் தூண்களும் நிஜமாகவே நிற்கின்றன. நைட்டி, லுங்கி, ஜமுக்காளம் என்று சரக்கு தொங்கும் கடைகளுக்கு நடுவே, ஒரு ஆளின் இரண்டு கைக்கும் அடங்காத கல்தூண்கள், மேலே தாங்குவதற்கு எதுவுமே இல்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கும். திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனை இன்றைக்கு நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மகாலோடு முடியவில்லை. இந்தச் சந்து வரைக்கும் பரந்து கிடந்திருக்கிறது. பின்னால் அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார் என்று சொல்வார்கள். எடுத்தவர்கள் விட்டுப்போனது இந்தப் பத்து. மகாலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஐந்து நிமிடம் நடந்து இதையும் பார்த்தால்தான் அந்த அரண்மனை எவ்வளவு பெரியது என்பது உடம்புக்குத் தெரியும். தலையில் பண்டலோடு வரும் லோடுமேன்களுக்கு வழி விட்டு நில்லுங்கள், அது போதும்.

விளக்குத்தூணுக்கும் ஒரு காரணம் உண்டு. 1840களில் மதுரையின் கோட்டைச் சுவரை இடித்து, அகழியை மூடி, ஊரை வெளியே வளரவிட்டவர் கலெக்டர் பிளாக்பர்ன். அவர் நினைவாக நட்ட இரும்பு விளக்குத் தூண்தான் இது. இடிப்பு வேலையில் அவரோடு நின்ற மாரெட், பெருமாள் மேஸ்திரி இரண்டு பேரும் தெருப் பெயர்களாக இருக்கிறார்கள். பெருமாள் மேஸ்திரி வீதியில் நகையும் பாத்திரமும் வாங்குகிறவர்கள் காலுக்குக் கீழே ஒரு கோட்டையின் ஓரம் இருக்கிறது. அந்தக் கோட்டையின் மேற்கு வாசலில் மிஞ்சிய கல் கட்டு பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கூடலழகர் கோயில். திவ்ய தேசம் என்பதால் வைணவர்கள் வருவார்கள், வெளியூர்க் கூட்டம் பெரும்பாலும் மீனாட்சி கோயிலோடு நின்றுவிடும். இங்கே கீழே சேவித்துவிட்டுக் கிளம்பக் கூடாது, விமானத்துக்குள்ளே படியேற வேண்டும். பெருமாள் கீழ்நிலையில் அமர்ந்த கோலம், நடுநிலையில் நின்ற கோலம், மேல்நிலையில் கிடந்த கோலம். படி குறுகலாக இருக்கும், முழங்கால் வலிக்காரர்கள் நிதானமாக ஏறலாம்.

எழுகடல் தெருவில் ராயகோபுரம். புதுமண்டபத்துக்குக் கிழக்கே, கடைகளுக்கு நடுவே, கட்டி முடிக்காமல் விட்ட கோபுரத்தின் அடிப்பகுதி. வாசலின் இரண்டு பக்கமும் ஒரே கல்லாக ஐம்பது அடிக்கு மேல் உயர்கிற நிலைக்கால்கள். அண்ணாந்து பாருங்கள். கொடிகள் ஓடும் வேலைப்பாடு உச்சி வரைக்கும் போகும். முடித்திருந்தால் மீனாட்சி கோயிலின் நாலு கோபுரமும் இதற்குத் தம்பிகளாகத்தான் இருந்திருக்கும்.

ஊருக்குள் இன்னொன்று, அது என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. மேலமாசி வீதியில் ஒரு கதர்க்கடை இருக்கிறது. அதன் மாடியில்தான் 1921 செப்டம்பரில் காந்தி தங்கினார். 22ஆம் தேதி காலையில், அதுவரை உடுத்தியிருந்த உடையை விட்டுவிட்டு, முழங்கால் அளவு துண்டோடு இறங்கி வந்தார். அன்னியத் துணியை விடச் சொன்னால் கதர் வாங்கக் காசு இல்லையே என்று ஏழைகள் சொன்னதற்கு அவர் தன் உடம்பில் எழுதிய பதில் அது. சாகும்வரை மாற்றவில்லை. காந்தி மியூசியத்துக்குப் பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள் இந்த மாடிக்கு வருவது குறைவு. நாள் முழுக்க மீட்டர் கணக்கில் துணியை எழுதுகிற எனக்கு, துணியைக் குறைத்துக்கொண்டு ஒரு மனிதர் இறங்கிய அந்தப் படிக்கட்டு பெரிய இடம்.

சரி, ஊருக்குள் இவ்வளவு போதும். நான் உண்மையில் சொல்ல வந்தது ஊரைச் சுற்றி இருக்கிற பாறைகளைப் பற்றி.

மதுரையின் எந்த மொட்டைமாடியில் ஏறினாலும் ஒரு மலை தெரியும். கிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, வடக்கே அழகர்மலை, தெற்கே பரங்குன்றம். இவை எல்லாம் ஊருக்குப் பின்னால் மாட்டிய படம் இல்லை. இவற்றின் குகைகளில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு சமணத் துறவிகள் படுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பாறையைச் செதுக்கிப் படுக்கை வெட்டிக்கொடுத்தவர்கள் தங்கள் பெயரைத் தமிழியில், அதாவது தமிழ் பிராமி என்கிற பழைய எழுத்தில், எழுதி வைத்தார்கள். அரசன் பெயரும் உண்டு. ஆனால் அதிகம் இருப்பது நம்மைப் போன்றவர்களின் பெயர். ஊருக்குள் பார்த்தால் மன்னர்கள்தான் மதுரையைக் கட்டினார்கள் என்று தோன்றும். மலைக்குப் போனால், இந்த ஊர் அன்றைக்கும் வியாபாரிகளின் ஊர்தான் என்பது தெரியும்.

கிடாரிப்பட்டியில்தான் எனக்கு அது உறைத்தது. அழகர்கோயிலிலிருந்து மேலூர் போகிற ரோட்டில் இருக்கிறது ஊர். அழகர்மலைத் தொடரின் கீழ்முனையில், ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்கிற குகை. விடியற்காலையில் ஏறினால் மூச்சு வாங்காது. மேலே போனதும் பாறை ஒரு பெரிய கூரையாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பில், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க நீளமாகக் காடி வெட்டியிருக்கிறார்கள். உள்ளே தலையணை மேட்டோடு வழவழவென்று படுக்கைகள். ஓரத்தில் ஒரு சுனை, கோடையிலும் குளிர்ந்த தண்ணீர்.

கல்வெட்டு சட்டென்று கண்ணுக்குப் படாது. அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனபோது அவனும் முதலில், "மாமா, வெறும் பாறைதானே இருக்கு?" என்றான். செல்போன் டார்ச்சை நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. பாறையை ஒட்டி, பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்ததும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் விழுந்தது. முதலில் சிலுவை மாதிரி இருக்கும் 'க', பிறகு ஒரு கொக்கி, ஒரு வட்டம். சின்னப் பையன் சிலேட்டில் எழுதிய மாதிரி, மேலும் கீழுமாக எழுத்துகள் எழுந்து வந்தன. நான் கையில் வைத்திருந்த தாளைப் பார்த்துப் பார்த்து அவன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். மதுரை உப்பு வணிகன் வியக்கன். பாணித வணிகன் நெடுமலன், அதாவது வெல்லப்பாகு விற்றவர். கொழு வணிகன் இளசந்தன், ஏருக்குக் கொழு விற்றவர். அப்புறம், அறுவை வணிகன் இள அட்டன்.

அறுவை என்றால் துணி. நம்ம ஜவுளிக்கடைக்காரர்.

நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். மதுரையில் துணி விற்று, அதில் வந்த காசில் யாரோ துறவிகளுக்குப் படுக்க இடம் வெட்டிக்கொடுத்து, பெயரையும் தொழிலையும் மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கடை எந்தத் தெருவில் இருந்ததோ, அவருக்குக் கணக்கு எழுதியது யாரோ. எங்கள் முதலாளி வருடா வருடம் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுத்தால் நோட்டீஸில் கடைப் பெயர் வரும். அதே மனசுதான் இது. அன்றைக்கு நோட்டீஸ் பாறையில் அடித்தார்கள்.

இதே வரிசையில் மாங்குளம் வரும். மேலூர்ப் பக்கம் மீனாட்சிபுரத்தை ஒட்டிய மலை. இங்கே இருக்கும் கல்வெட்டுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள். தமிழ்நாட்டின் மிகப் பழைய கல்வெட்டுகளில் முதல் வரிசையில் வைக்கப்படுபவை. 1882ல் ராபர்ட் சீவல் இவற்றைக் கண்டுசொன்னார். என்ன எழுதியிருக்கிறது என்று சரியாகப் படிக்க நம் ஆட்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைப் படித்துக்காட்டியபோது, சங்கப் பாட்டில் மட்டும் இருந்த ஒரு பெயருக்குக் கல்லில் சாட்சி கிடைத்தது. அதே மலையில் வெள்ளறை நிகமத்தோர் கொடுத்த கொடையும் எழுதப்பட்டிருக்கிறது. நிகமம் என்பது வணிகர் சங்கம். அரசனும் வியாபாரிகள் சங்கமும் ஒரே பாறையில் நன்கொடையாளர் பட்டியலில் இருக்கிறார்கள். இங்கே ஏற்றம் கொஞ்சம் கடினம், தண்ணீர் கட்டாயம் கொண்டுபோங்கள்.

அரிட்டாபட்டியைப் பற்றி இப்போது எல்லோருக்கும் பெயர் தெரியும், 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக ஊரே திரண்டதால். 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. அதற்கு முன்பே, 2022ல், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. ஏழு மலை, எழுபதுக்கு மேல் நீர்நிலை, இருநூறு சுனை என்று கணக்குச் சொல்வார்கள். வல்லூறு, ராசாளி எல்லாம் பாறை முகட்டில் வந்து உட்காரும். பறவை பார்க்கிறவர்கள் விடியும் முன்பே கேமராவோடு வந்துவிடுகிறார்கள்.

எனக்கு அங்கே இரண்டு இடம் முக்கியம். ஒன்று, மலையைக் குடைந்து செய்த எட்டாம் நூற்றாண்டுச் சிவன் கோயில், ஊர்க்காரர்களுக்கு இடைச்சி மண்டபம். வாசலுக்கு ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் கையில் தடியோடு உட்கார்ந்திருக்கும் லகுலீசர், சைவத்தின் பாசுபதப் பிரிவினருடைய குரு. தமிழ்நாட்டில் லகுலீசரைப் பார்ப்பது அபூர்வம். இரண்டாவது, கழிஞ்சமலையில் தாமரைமேல் அமர்ந்த தீர்த்தங்கரர், சமணர்கள் வணங்கும் குருமார்களில் ஒருவர். அந்தச் சிற்பத்தின் கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில், திருப்பிணையன் மலைப் பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அச்சணந்தி செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. கரணத்தார் கணக்கு எழுதியவர்கள். பாதிரிக்குடி ஊரார் இதைக் காப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். துணிக்கடைக்காரரைக் கிடாரிப்பட்டியில் பார்த்த பிறகு, கணக்கெழுதியவர்களை இங்கே பார்த்தபோது என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. காக்கிற பொறுப்பை அன்றைக்கு எழுதி வைத்தார்கள், இன்றைக்கும் அந்த வட்டாரத்து ஜனங்கள் ரோட்டில் நின்று காத்தார்கள்.

இந்த அச்சணந்தியை நீங்கள் மதுரையைச் சுற்றி எங்கே போனாலும் சந்திப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டுத் துறவி. சமணம் மதுரையில் தளர்ந்திருந்த காலத்துக்குப் பிறகு, மலை மலையாக நடந்து, பாறை பாறையாகத் தீர்த்தங்கரர் உருவங்களைச் செய்வித்தவர். யானைமலையில் அவர் பெயர் உண்டு, அழகர்மலையில் உண்டு. ஆனால் அவருடைய அம்மாவைப் பார்க்க நீங்கள் கீழக்குயில்குடிக்குப் போக வேண்டும்.

தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை அருகே இடது பக்கம் திரும்பினால் கீழக்குயில்குடி, சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், அதன் கரையில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். அங்கிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறை முகத்தில் வரிசையாக எட்டு உருவங்கள். ஐந்து தலை நாகம் குடை பிடிக்க நின்றிருக்கும் பார்சுவநாதர், அவர் மேல் கல்லைத் தூக்கிப் போட வருகிற கமடன். கொடி சுற்றிய காலோடு சமண முனிவர் பாகுபலி, முக்குடைக்குக் கீழே அமர்ந்த தீர்த்தங்கரர்கள். ஒவ்வொன்றின் கீழும் செய்வித்தவர் பெயர். அதில் ஒன்று: அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. துறவியாகப் போன மகனின் வேலையில் தானும் ஒரு பங்கு செய்ய வேண்டும் என்று வந்திருக்கிறார் அந்த அம்மா. அவருக்கு ஆன செலவு எங்கிருந்து வந்ததோ, மலையேறி வந்து பார்த்தாரோ, எதுவும் எழுதவில்லை. மகனைத் துறவுக்குக் கொடுத்த அம்மா என்று ஒரு வரிகூட அழுகை இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணக் கோயிலின் அடித்தளம், உச்சியில் கன்னடத்தில் ஒரு கல்வெட்டு. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அங்கே குகை வாசலில் பெரிய தீர்த்தங்கரர். ஊரில் அவரைச் செட்டியார் என்றுதான் சொல்வார்கள். குகைக்குள் நுழைந்து குனிந்து மேலே பாருங்கள், சிங்கத்தின் மேல் அமர்ந்த இயக்கி, அதாவது சமணர்களின் காவல் பெண்தெய்வம், வில்லை வளைத்துக்கொண்டு, எதிரே யானையில் வருகிறவனோடு போர் செய்கிறாள். உள்ளங்கை அகலக் கல்லில் அவ்வளவு வேகம். நிறையப் பேர் வெளியே இருக்கும் பெரிய சிலையோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள், இவளைப் பார்க்காமலே.

யானைமலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒத்தக்கடையில் இறங்கினால் யாரும் வழி சொல்வார்கள். நரசிங்கப் பெருமாள் குடைவரை 770ல் வெட்டியது. தொடங்கியவர் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறங்காரி. முடிப்பதற்குள் அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார். அதைக் கல்வெட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லாடன் கோயில், சின்னஞ்சிறிய முருகன் குடைவரை, பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். மலைமேல் குகையில் உள்ள தமிழிக் கல்வெட்டு இந்த மலையை இவகுன்றம், அதாவது யானைக்குன்றம் என்றே சொல்கிறது. படுத்திருக்கும் யானையாக இதை நாம் மட்டும் பார்க்கவில்லை. 2010ல் இதைச் சிற்ப நகரமாகச் செதுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மக்கள் எதிர்த்துத் தடுத்தார்கள். இன்று முழு யானையாகப் படுத்திருப்பதற்கு அவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு ஆற்றாமை. இந்தக் குகைகள் சிலவற்றில் படுக்கைகளின் மேல் பெயின்ட்டால் காதல் பெயர்கள், ஆணியால் கீறிய இதயங்கள். இரண்டாயிரம் வருட எழுத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் செல்போன் நம்பர். போகிறவர்கள் தயவுசெய்து பாறையில் எதுவும் எழுதாதீர்கள். எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுக்காதீர்கள், விரலால் தேய்க்காதீர்கள். பக்கவாட்டு வெளிச்சம் ஒன்றே போதும். பாட்டில் கொண்டுபோனால் திரும்பக் கொண்டுவாருங்கள். பல மலைகளின் அடிவாரத்தில் கருப்பசாமியோ அய்யனாரோ இருப்பார், ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். வெயில் காலத்தில் பத்து மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி முதலில் கிடாரிப்பட்டி, அப்படியே மேலூர் வழியாக அரிட்டாபட்டி, மதியச் சாப்பாட்டுக்கு மேலூர். மாங்குளத்துக்குத் தனியாக ஒரு காலை வேண்டும். யானைமலைக்கு மாட்டுத்தாவணியிலிருந்து ஷேர் ஆட்டோவே போதும். கீழக்குயில்குடிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள், பேச்சிப்பள்ளத்திலிருந்து இருட்டும் முன் இறங்கிவிடலாம். பத்துத்தூணுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், அப்போது கடைகள் பூட்டியிருக்கும், தூண்களை அடியிலிருந்து முடி வரை பார்க்கலாம்.